அண்ணனின் கால்

முதுகு என்பது அவன் பெயர் அல்ல. ஆனால் அவனுக்கு வேறொரு பெயர் இருக்கும் என்று யூனிட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஊரே அண்ணன் என்று கூப்பிடுகிற நடிகருக்கு டூப் போடுகிறவன் அவன். அண்ணன் மாடியிலிருந்து குதித்தால் குதிப்பது இவன். அண்ணன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தால், கண்ணாடித் துண்டை ஊசியால் தோண்டி எடுப்பது இவன் தோளிலிருந்து. அண்ணனைப் போலவே விக், அண்ணனைப் போலவே சட்டை, அண்ணனைப் போலவே நடை. முகம் மட்டும் சொந்தம். அதனால் அதை யாருக்கும் காட்டக் கூடாது.

திரையில் அவன் வருகிற நேரமெல்லாம் முதுகுதான் வரும். அந்த முதுகைப் பார்த்து விசிலடிக்காத தியேட்டர் இல்லை. முதுகின் சொந்தக்காரன் டிக்கெட் வரிசையில் நின்றால் மட்டும், "யோவ், முன்னாடி நகருய்யா" என்பார்கள்.

வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. டிவியில் அண்ணன் படம் ஓடும்போது அவன் மகள் திரையில் மூக்கு உரச உட்கார்ந்துகொள்வாள்.

"அப்பா, இது நீயா அவரா?"

"கார் மேல ஏறி ஓடுறது நான். இறங்கி சட்டையைத் தட்டுறது அவர்."

"இது?"

"அடி வாங்குறது நான்."

"இது?"

"அழுவுறது அவர். அழுகைக்கெல்லாம் என்னை விடமாட்டாங்க."

தையல் கடையில் காஜா எடுக்கிற அவன் மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொல்வாள். "மூஞ்சியைக் காட்டாம சம்பாதிக்கிறது உலகத்துல ரெண்டே பேர். ஒண்ணு திருடன், இன்னொண்ணு உங்கப்பா."

அவன் சிரித்துக்கொள்வான். "ஒரு நாள் க்ளோஸ்-அப் வரும் பாரு. திரை முழுக்க அப்பாதான் இருப்பேன்."

"சத்தியமா?" என்பாள் மகள்.

"சத்தியமா."

அந்தச் சமயத்தில் அண்ணன் நடித்துக்கொண்டிருந்த படத்துக்கு 'ரத்தப் பென்ஷன்' என்று பெயர். ராணுவத்தின் ரகசியப் படையிலிருந்து ஓய்வுபெற்ற நான்கு கமாண்டோக்கள் செடி வைத்து, நாய் வளர்த்து, நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களைத் தீர்த்துக்கட்ட, ஏற்கெனவே ஓய்வுபெற்றுவிட்ட கொலையாளிகளை மேலிடம் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறது. வேலையில் இருக்கிற கொலையாளிகளை ஏன் அனுப்பவில்லை என்று ஓர் உதவி இயக்குநர் கேட்டார். அவர் இப்போது வேறு தொழில் பார்க்கிறார்.

கதையில் அண்ணனுக்கு ஒரே ஓர் ஆட்சேபம் இருந்தது. 'ஓய்வுபெற்ற' என்ற சொல். அறுபதைத் தாண்டிய பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவருடைய சொந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுவதாகப் பேச்சு. கடைசியில் இயக்குநர் ஒரு வசனம் எழுதிக் காப்பாற்றினார். "நான் ஓய்வு பெறல. ராணுவத்துக்கு நான் ஓய்வு குடுத்திருக்கேன்." அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணனின் பெருமையைக் காக்கத் தனியாக ஓர் அலுவலகமே இருந்தது. பிம்பப் பாதுகாப்புப் பிரிவு. அதன் தலைவரைக் கர்னல் என்பார்கள். அந்த யூனிட்டிலேயே நிஜமாக ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் அவர் ஒருவர்தான். அங்கே பூட்ஸ் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். போரைப் பார்த்ததில்லை. போருக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்த பூட்ஸ்களை நிறையப் பார்த்திருக்கிறார்.

'இந்தப் படத்தில் டூப் இல்லை' என்று முதல் போஸ்டரிலேயே போட்டுவிட்டார்கள். எனவே முதுகு என்கிற ஆள் இருக்கிறான், ஆனால் இல்லை. யூனிட் பதிவில் அவன் வேலை 'கயிறு இழுப்பவர்'. ஷாட் இல்லாத நேரத்தில் அவன் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அண்ணன் கேரவனை விட்டு இறங்கினால் இவன் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட வேண்டும். தூண் இல்லாத இடத்தில் படப்பிடிப்பு என்றால், ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஒரு தூண் செய்து வைக்கும்.

கைதட்டலுக்கும் ஒரு முறை இருந்தது. முதுகு குதிப்பான். அப்போது யாரும் கைதட்டக் கூடாது, யாரும் குதிக்கவில்லை. அவன் எழுந்து தூணுக்குப் போனதும், கேரவனிலிருந்து அண்ணன் இறங்கி வந்து அதே இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருவார். டச்சப் ஆள் நெற்றியில் தண்ணீர் தெளிப்பான். அண்ணன் மெல்ல எழுந்து, தோளில் இல்லாத தூசியைத் தட்டுவார். அப்போதுதான் யூனிட் மொத்தமும் கைதட்ட வேண்டும். யார் சத்தமாகத் தட்டுகிறார்கள் என்று கர்னலின் ஆட்கள் கவனிப்பார்கள். தூணுக்குப் பின்னால் முதுகும் தட்டுவான்.

பல வருடம் இப்படியே போனதில் அண்ணனுக்கே குதித்தது தான்தான் என்று ஆகிவிட்டது. "நேத்து குதிச்சதுல இடுப்பு புடிச்சிக்கிச்சு தம்பி" என்று முதுகிடமே சொல்வார். முதுகும் "பார்த்துக்குங்கண்ணே" என்பான். அவரும் பாசமானவர்தான். எப்போதாவது எதிரே மாட்டினால் இவன் தோளைத் தட்டி, "உடம்பைப் பார்த்துக்க தம்பி. அது என் உடம்பு" என்பார்.

விபத்து நடந்த அன்று பத்திரிகைக்காரர்களையும் ரசிகர் மன்றத் தலைவர்களையும் வரவழைத்திருந்தார்கள். அண்ணன் மூன்றாவது மாடியிலிருந்து நிஜமாகவே குதிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பது கர்னலின் திட்டம். பார்வையாளர்களைத் தெருவின் அந்தக் கோடியில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் விக் தெரியும், சட்டை தெரியும், முகம் தெரியாது.

மாடியில் முதுகோடு நின்றவனைக் குட்டை என்பார்கள். ஓய்வுபெற்ற கொலையாளியாக நடிக்கிற வில்லனுக்கு டூப். அவன் உதைக்க, இவன் விழ வேண்டும். இருவரும் கீழே எட்டிப் பார்த்தார்கள்.

"மெத்தை எங்கடா?" என்றான் முதுகு.

"அதோ கிடக்கே."

"அது மெத்தையா? வாசல்ல கால் துடைக்கப் போடுற மாதிரி கிடக்கு."

"மத்ததையெல்லாம் கர்னல் எடுக்கச் சொல்லிட்டார். நான் உன்னை எங்க உதைக்கட்டும் சொல்லு, அங்க உதைக்கிறேன். குறி தப்பினா என்னைத் திட்டாத."

கர்னல் படியேறி வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் எப்போதும் எதிரி பக்கத்து அறையில் இருப்பது போலத்தான் பேசுவார்.

"பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க தம்பி. மெத்தை அடுக்கி வச்சா நல்லாவா இருக்கு? கமாண்டோ மெத்தையில விழுவானா? அண்ணன் மெத்தையில விழுற ஆளா?"

"விழுறது நான்தானே சார்."

கர்னல் சுற்றுமுற்றும் பார்த்தார். "இதை நீ சொல்லல. நான் கேக்கல. குட்டை, நீ இங்க இல்லவே இல்ல."

"சரிங்க சார், நான் கிளம்பட்டுமா?" என்றான் குட்டை.

"உதைச்சிட்டுப் போ."

குட்டை உதைத்தான். நல்ல உதைதான், குறியும் தப்பவில்லை. ஆனால் அந்த மெத்தையில் ஒரு ஆளின் முக்கால்வாசிக்குத்தான் இடம் இருந்தது. இடது கால் வெளியே போய்விட்டது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து முறித்தது போல ஒரு சத்தம். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

யாரும் அசையவில்லை. முதுகு வாயில் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான். கத்தினால் குரல் தெரிந்துவிடும். அந்த நிலையிலும் அது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

தெருக்கோடியிலிருந்து ஒரு ரசிகர் அலறினார். "ஐயோ, அண்ணன் கால்."

அண்ணனும் அதைக் கேட்டுவிட்டு, என்ன ஆச்சோ என்று கேரவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டச்சப் ஆள் அவர் நெஞ்சில் கைவைத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். அந்த ஒரு தள்ளுக்காக அவனுக்குப் பிறகு பதவி உயர்வு கிடைத்தது.

முதுகின் முகத்தில் துண்டைப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ரசிகர்கள் பின்னாலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இத்தனை பேர் தனக்காக ஓடி வருவதைத் துண்டுக்கடியில் கேட்டபடி அவன் போனான். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் பெயரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அது முடிவதற்குள் அண்ணனை அழுக்குத் துணி தள்ளுகிற வண்டியில் படுக்க வைத்து, மேலே போர்வைகளைப் போட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார் கர்னல். அதன்பிறகு ஸ்ட்ரெச்சரில் அண்ணன் இருந்தார், முதுகு நடைபாதை பெஞ்சில் இருந்தான்.

சிறிது நேரத்தில் கர்னல் எக்ஸ்ரேயைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் தூக்கிப் பிடித்தார். "சாதாரண எலும்பா இருந்தா நொறுங்கியிருக்கும். அண்ணன் எலும்பு எப்படி முறிஞ்சிருக்கு பாருங்க. எவ்வளவு நேர்மையா, ஒரே கோடா முறிஞ்சிருக்கு." எல்லோரும் அந்த நேர்மையைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெஞ்சில் இருந்த முதுகு, அந்தப் பக்கமாக வந்த டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"சார், கால் சார். வலி தாங்கல."

"எக்ஸ்ரே இருக்கா?"

"அங்க காட்டிட்டு இருக்காங்களே, அதுதான் சார்."

"அது அண்ணனோட எக்ஸ்ரே."

"கால் என்னோடது சார்."

டாக்டர் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். "இங்க பாருப்பா. இன்னிக்கு இந்த ஆஸ்பத்திரியில முறிஞ்ச கால் ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குப் பெரிய டாக்டருங்க எல்லாம் சேர்ந்து கட்டுப் போட்டாச்சு. அதே முறிவுக்கு நான் திரும்பக் கட்டுப் போட்டா, அவங்க போட்டது சரியில்லன்னு ஆகும். எனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

"எனக்குத் தனியா ஒரு எக்ஸ்ரே எடுங்க சார்."

"எடுத்தா அதே முறிவுதான் தெரியும். ஒரே முறிவு ரெண்டு பேருக்கு எப்படி வரும்? மருத்துவத்துல அதுக்கு இடமே இல்ல. வலி மாத்திரை எழுதித் தரேன், சாப்பிட்டதும் போட்டுக்க. அண்ணன் கால் சரியாச்சுன்னா உனக்கும் சரியாயிடும்."

கர்னல் வந்து அவனை அண்ணன் அறைக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு இவன் வந்தான். அண்ணனின் காலில் தொடை வரை கட்டு. பளபளவென்று இருந்தது. அண்ணன் முகம் வலியில் வேர்த்திருந்தது, அதற்கு டச்சப் ஆள் கூடத் தேவைப்படவில்லை.

"உயிர் போகுது தம்பி," என்றார் அண்ணன். "உனக்கென்ன, நடந்து வர்ற. குடுத்து வச்சவன்."

முதுகு சுவரை விடாமல் "சரியாயிடும்ணே" என்றான்.

வெளியே வந்ததும் கர்னல் அவனைச் சுவரோரமாக ஒதுக்கினார். "யூனிட்டுல முதுகுன்னு ஒருத்தன் இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியும். அவனும் காலை உடைச்சிக்கிட்டான்னு தெரிஞ்சா கதை முடிஞ்சுது. நாளையிலேருந்து நீ ஸ்டுடியோவுல நடமாடணும். நல்லா நாலு பேர் கண்ணுல படுற மாதிரி நடக்கணும்."

"நடக்க முடியல சார். கால் தொங்குது."

"கமாண்டோன்னா என்னன்னு நினைச்ச? வலிக்கும்போது நடக்கிறவன்தான் கமாண்டோ." சொல்லிவிட்டு அவன் கண்ணைப் பார்த்தார். கிடங்கில் இருந்தவருக்கு எந்தக் காலுக்கு எந்த அளவுப் பூட்ஸ் என்று தெரியும். "படம் முடியிற வரைக்கும் தாக்குப் பிடி. அடுத்து உனக்கு ஒரு க்ளோஸ்-அப் வாங்கித் தர்றேன். திரை முழுக்க. இது ராணுவ வாக்கு."

முதுகு நடந்தான்.

இரண்டு மூங்கில் பட்டைகளைக் காலில் வைத்து, மனைவி கொடுத்த துணியால் இறுக்கிச் சுற்றி, மேலே தொளதொளவென்று பேண்ட் போட்டுக்கொண்டு நடந்தான். ஸ்டுடியோ வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்றால் ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டவும் சொன்னார்கள். துள்ளினான்.

இதற்குள் ஊர் முழுக்க வேறொரு காட்சி. அண்ணனின் கால் குணமாக வேண்டும் என்று ரசிகர்கள் எல்லோரும் இடது காலில் கட்டுப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் கட்டோடு ஏறினார்கள். கல்லூரி மாணவர்கள் கட்டோடு பரீட்சை எழுதினார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டோடு மேடை ஏறினார். ஒரு மன்றத் தலைவர் வலது காலில் போட்டுவிட்டதால் கட்சி மாறிவிட்டார் என்று அடி வாங்கினார், பிறகு அவருக்கு நிஜமாகவே கட்டுத் தேவைப்பட்டது. நல்ல கால் உள்ளவர்கள் எல்லாம் கட்டோடு நடந்தார்கள். கட்டுத் தேவைப்பட்ட ஒருவன் கட்டில்லாமல் நடந்தான்.

காலில் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே கட்டுப் போட்டுக்கிட்டு அலையுது. நீங்களும் ஒண்ணு போட்டுக்கிட்டா எவனுக்குத் தெரியப்போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் கர்னலிடம் போய்க் கேட்டான். கர்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரசிகன் போட்டா அது பாசம். நீ போட்டா அது சாட்சி," என்றார். "வேணாம்."

"வெளியூர் ஆஸ்பத்திரிக்காவது போயிட்டு வர்றேன் சார்."

"போ. யார் தடுத்தா? அப்படியே போயிடு. க்ளோஸ்-அப்புக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவன் போகவில்லை. மகளிடம் சத்தியம் செய்திருந்தான்.

அதற்கடுத்து அண்ணனுக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பாதுகாப்புத் துறையின் பெரிய மனிதர் ஒருவர் வந்திருந்தார். முதல் வரிசையில் நிஜமான முன்னாள் படைவீரர்களை உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஒருவருடைய சக்கர நாற்காலி கேமராவை மறைக்கிறது என்று அவரைத் தூக்கிக் கடைசி வரிசைக்கு நகர்த்தினார்கள். அங்கே தூணுக்குப் பின்னால் முதுகு நின்றுகொண்டிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய மனிதர் மைக்கைப் பிடித்தார். "நம்ம வீரர்கள் காயப்படுறாங்க. நான் இல்லேங்கல. ஆனா அவங்க சம்பளத்துக்குக் காயப்படுறாங்க. காயப்படணும்ங்கிறது அவங்க வேலை. அண்ணனுக்கு என்ன தலையெழுத்து? நம்ம சந்தோஷத்துக்காகப் பட்டிருக்கார். அதனாலதான் வீரர்களுக்குன்னு வச்சிருந்த பதக்கத்துல ஒண்ணை இவருக்கு எடுத்துக் குடுக்கிறோம். எடுத்ததுல யாருக்கும் வருத்தம் இருக்காது. யாருக்குக் குடுக்கணுமோ அவரு இப்ப இல்ல."

மண்டபம் அதிர்ந்தது. அண்ணன் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டுக் காலால் நின்றார். பெண்கள் அழுதார்கள். முதல் வரிசை வீரர்கள் எழுந்து நிற்கச் சொன்னதால் நின்றார்கள்.

சக்கர நாற்காலிக்காரர் முதுகின் பேண்டைக் கவனித்தார். "தம்பி, உங்க கால்ல ஏதோ நாத்தம் வருதே. பார்த்தீங்களா?"

"தெரியும்ங்க. படம் முடியட்டும்னு இருக்கேன்."

"நானும் சண்டை முடியட்டும்னுதான் இருந்தேன்," என்றார் அவர்.

மன உறுதியால் அண்ணன் வெகு சீக்கிரம் குணமாகிவிட்டார். டாக்டர்களே அதிசயப்பட்டதாக அறிக்கை வந்தது. கட்டை வெட்டி எடுத்து, அதை நான்கு துண்டாக்கி, நான்கு மன்றங்களுக்குக் கொடுத்தார்கள். படப்பிடிப்பு திரும்பத் தொடங்கியது. கடைசிச் சண்டை. எரிகிற கிடங்குக்குள்ளிருந்து அண்ணன் ஓடிவர வேண்டும்.

"சார், ஓட முடியாது சார்," என்றான் முதுகு.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணனே குணமாயிட்டார். நீ ஆகலேன்னா எப்படி? கதையோட ஒட்டணும்ல."

ஓடினான். இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, குட்டை ஒருபக்கம் தள்ளிவிட, ஓடினான். பாதி வழியில் மூங்கில் பட்டை உடைந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இடது கால் ஒருபக்கம் போக, இவன் ஒருபக்கம் போனான். விழவில்லை. கேமராவைத் தாண்டிய பிறகுதான் விழுந்தான். தொழில் சுத்தம்.

மானிட்டரைப் பார்த்த இயக்குநர் நிலைகொள்ளாமல் எழுந்துவிட்டார். "என்ன ஒரு நொண்டல். இதை எழுதி எடுக்க முடியுமா?" அண்ணன் அதேபோல நொண்டியபடி முன்பக்கமாக வரும் ஷாட்டை எடுத்தார்கள். பலமுறை எடுத்தும் அண்ணனுக்கு அது சரியாக வரவில்லை.

"அவன் ஓவரா பண்றான்," என்றார் அண்ணன். "வலின்னா இப்படியா இருக்கும்? எனக்குத் தெரியாதா?"

அன்று வீட்டுக்குப் போனபோது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மனைவி பேண்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. அவள் தையல் கடை முதலாளியின் வேனைப் பிடித்து, கணவனைத் துணி மூட்டைகளுக்கு நடுவே போட்டுப் பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"எலும்பு முறிஞ்சு இத்தனை நாளா என்ன பண்ணீங்க?"

"நடந்தேங்க."

"எதுக்கு?"

அவன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கர்னல் பார்க்க வந்தார். பூங்கொத்து கொண்டுவந்தார், அண்ணனுக்கு ரசிகர்கள் கொடுத்ததில் மிச்சம். 'எங்கள் உயிரே, எழுந்து வா' என்று அதில் அட்டை தொங்கியது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மனசுல எதையும் வச்சுக்காத தம்பி. கிடங்குல எங்களுக்கு ஒரு வழக்கம். பூட்ஸ் ஜோடியாத்தான் வரும், ஜோடியாத்தான் போகும். சண்டையில ஒத்தைப் பூட்ஸ் தொலைஞ்சு போச்சுன்னா, இன்னொண்ணு எவ்வளவு புதுசா இருந்தாலும் சேர்த்துக் கழிச்சிடுவோம். ஒத்தையை வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்? அந்த ஒத்தைப் பூட்ஸ் மேல எங்களுக்குக் கோபம் கிடையாது. மரியாதையாத்தான் கழிப்போம்."

"கழிச்சதுல மிச்சம் இருக்கிற இன்னொரு காலையும் எடுத்துட்டுப் போங்க சார்," என்றாள் மனைவி. "கணக்கு சரியா வரட்டும்."

"மேடம் கோபமா இருக்காங்க," என்றார் கர்னல் முதுகிடம்.

"சார், அந்த க்ளோஸ்-அப்," என்றான் முதுகு.

மனைவி திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

படம் வந்தது. எந்தப் படமும் இப்படி ஓடியதில்லை என்றார்கள். அந்த நொண்டலுக்காக அண்ணனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வாங்கும்போது, "வலியை நான் நடிக்கல, வாழ்ந்தேன்" என்றார். புதிதாக ஒரு முதுகு வேலைக்கு வந்துவிட்டது. இளவயசு, தடகள வீரன். ஆறு மாதத்தில் அவன் பெயரும் எல்லோருக்கும் மறந்துபோனது. பழைய முதுகை இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால் யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் பட்டன் பிரித்துக் கொடுத்தான்.

ஒரு வருடம் கழித்து வாசலில் ஒரு நீளமான கார் வந்து நின்றது. கர்னல் இறங்கினார்.

"நான் வாக்குத் தவறுற ஆள் இல்ல தம்பி," என்றார் உட்காராமலே. "க்ளோஸ்-அப் வந்திருக்கு."

'ரத்தப் பென்ஷன்: இரண்டாம் தவணை'. கதையில் அண்ணன் நாட்டுக்காக ஒரு காலை இழக்கிறார். அப்படி ஒரு காட்சி இருந்தால் அடுத்த விருதும் நிச்சயம் என்று கணித்திருந்தார்கள். முதலில் கம்ப்யூட்டரில் வெட்டிப் பார்த்தார்களாம். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "யாரோ எவனோ கால் மாதிரி இருக்கு, என் கால் மாதிரி இல்ல" என்றாராம். அப்போதுதான் கர்னலுக்கு முதுகின் கால் ஞாபகம் வந்தது.

"உன்னோடது மாதிரி அமைப்பா வேற யார்கிட்டயும் இல்ல," என்றார் கர்னல். "வெட்டு அருமையா இருக்குன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்களாம். விசாரிச்சிட்டோம்."

"போகாதீங்க," என்றாள் மனைவி.

"திரை முழுக்கவா சார்?" என்றான் அவன்.

"ஒரு ஓரம்கூட மிச்சம் இருக்காது."

போனான். ஒரு வெள்ளைத் திரைக்குப் பின்னால் அவனைப் படுக்க வைத்து, திரையில் ஓட்டை போட்டு, காலை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார்கள். அந்தப் பக்கம் கேமரா, விளக்கு, இயக்குநர். இந்தப் பக்கம் இவன், பேச்சுத் துணைக்குக் குட்டை. காலுக்கு மேக்கப் போட்டார்கள். அவன் வாழ்நாளில் முதன்முறையாக அவனுக்கு மேக்கப் போட்டது அன்றுதான்.

"நடிக்கட்டுமா?" என்று கேட்டான் திரைக்குள்ளிருந்து.

"வேணாம், சும்மா இரு," என்றார் இயக்குநர். "அது தானா நடிக்குது."

முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு போனான். மனைவி வரமாட்டேன் என்றவள், மகளுக்காக வந்தாள். ஊன்றுகோலை நாற்காலிகளுக்கு நடுவே சொருகிவிட்டு உட்கார்ந்தான். மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெடித்தது, சுட்டார்கள், குதித்தார்கள். புதிய முதுகு நன்றாகவே குதித்தது. பிறகு சத்தமெல்லாம் அடங்கியது. அண்ணனின் முகம், கலங்கிய கண். வெள்ளைப் போர்வையை ஒரு கை மெல்ல விலக்கியது.

திரை முழுக்க அது வந்தது. ஓர் ஓரம்கூட மிச்சமில்லை. தைத்த தடம், தோல் மடிந்த இடம், அதற்கு மேலே சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு.

தியேட்டரே விம்மியது. முன்வரிசையில் ஒருவர் தரையில் உருண்டார்.

மகள் நாற்காலியில் ஏறி நின்றாள். "அது எங்கப்பா கால். அம்மா, அப்பா வந்துட்டாரு பாரு. அது எங்கப்பா."

பின்வரிசையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. "ஏய், யாரது?" என்று ஒருவன் எழுந்தான். அவனோடு இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். எல்லோர் கண்ணிலும் கண்ணீர், அது காயாமலே முகம் மாறியிருந்தது. "அண்ணன் காலைப் பார்த்து என்ன பேசுது இந்தப் புள்ள?"

முதுகு மகளை இழுத்து மடியில் உட்கார வைத்து வாயைப் பொத்தினான்.

"சின்னப் புள்ளைங்க. தெரியாம சொல்லிட்டா. அண்ணன் கால்தாங்க அது."

உள்ளங்கைக்குள் மகளின் உதடு அசைவது தெரிந்தது. அவன் இன்னும் அழுத்திப் பொத்தினான்.

எழுந்தவன் திரை வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். சொருகியிருந்த ஊன்றுகோலைப் பார்த்தான், மடித்துக் குத்தியிருந்த பேண்டைப் பார்த்தான். அவன் முகம் இளகியது. முதுகின் தோளில் கை வைத்தான்.

"உனக்குமா?" என்றான். திரையில் அண்ணன் ஒற்றைக் காலில் எழுந்து நின்று, தோளில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "அவரைப் பாரு. அந்த மாதிரி நிக்கக் கத்துக்க."

தியேட்டர் கைதட்டியது. மகளின் வாயில் ஒரு கை இருந்ததால், முதுகு இன்னொரு கையால் தொடையில் தட்டினான்.